பிப்ரவரி முப்பதில் பிறந்தவர்கள்

அத்தியாயம் பதினான்கு

மாடியில் இருப்பவள் கீழே இருப்பவளோடு பேசி இன்றோடு பதினாறு நாள்.

நடந்ததை மறந்தவர்களுக்காக இரண்டே வரி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள் இருவர். கீழ்த்தளத்து மூத்த மருமகள் கண் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக நோயாளிகளின் பதிவுகளைக் கட்டிக் காப்பவள். மாடியிலிருக்கும் இளைய மருமகள், அதே ஆஸ்பத்திரிக்குப் புது சிஸ்டம் போட்டுக்கொடுக்கும் கம்பெனியின் இன்ஜினியர். பதினாறு நாள் முன்பு பெரிய டாக்டர் உட்பட இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இளையவள் திரையைக் காட்டி, "உங்க பழைய டேட்டாவுல பிப்ரவரி முப்பதாம் தேதி பிறந்தவங்க மட்டும் நாற்பத்தோராயிரம் பேர் இருக்காங்க!" என்றாள். அறையே சிரித்தது. மூத்தவள் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனவள்தான்.

இரண்டு வரி என்றேன், நீண்டுவிட்டது. குடும்பச் சண்டையைச் சுருக்கிச் சொல்ல எனக்கு வராது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாமியார் மாடிப்படியில் நான்காவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஏழு மணிக்கு லோடிங் ஆரம்பிக்கணும்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றாள் இளையவள், தலை வாரியபடி.

மாமியார் இறங்கினார். "ஏழு மணிக்காம்மா."

"ஏழுன்னா ஏழு. அஞ்சு நிமிஷம் பிந்தினாலும் நான் பொறுப்பில்லைன்னு சொல்லுங்க."

மாமியார் ஏறினார். "அக்கா ரெடியா இருக்காளாம். நீ ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பணுமாம்."

இளையவள் சீப்பை நிறுத்திவிட்டு மாமியாரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

கீழே நாற்காலியில் மாமனார். போன மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு நாளைக் காலை. பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான். ஒரு மாதமாக ஒரு கண்ணை மூடி மூடி உலகத்தைச் சரிபார்ப்பதே அவருக்கு வேலை.

"இடது கண்ணால பாத்தா நம்ம வீடு அழகா இருக்கு. வலது கண்ணால பாத்தா ஃபேன்ல அழுக்குத் தெரியுது. நாளைக்கு ரெண்டும் சரியாயிட்டா என்னென்ன தெரியப்போகுதோ!" என்றார்.

"நாளைக்கு ஆபரேஷன் நடக்கணும்னா இன்னிக்கு இவங்க ரெண்டு பேரும் வேலையை முடிக்கணும்" என்றார் மாமியார்.

விஷயம் அதுதான். ஆபரேஷன் தியேட்டரில் சனிக்கிழமையே புது இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை புது சிஸ்டத்தில் இருக்கும் லென்ஸ் அளவுகளை மட்டுமே படிக்கும். பழைய சிஸ்டத்திலிருக்கும் முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம் பதிவுகளும் இன்று மாலை ஆறு மணிக்குள் புதியதற்குப் போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் நாளைய அறுபத்து நாலு ஆபரேஷன்களும் மூன்று வாரம் தள்ளிப்போகும். "ஆறுக்குள் முடியும்" என்று பெரிய டாக்டரிடம் வாக்குக் கொடுத்திருப்பவள் மூத்தவள். அவள் இதுவரை கொடுத்த வாக்கு எதுவும் பொய்த்ததில்லை.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். ஒருத்தி முன்வாசல் பக்கம், ஒருத்தி பின்வாசல் பக்கம்.

* * *

சர்வர் அறைக்கு வெளியே ஒரு சின்ன அறை. இரண்டு மேஜை, நடுவே ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்கு இந்தப் பக்கம் பழைய சிஸ்டம், அந்தப் பக்கம் புது சிஸ்டம். நாலடி தூரம் இருந்தும் இருவரும் மெயிலில்தான் பேசிக்கொண்டார்கள். 'சம்பந்தப்பட்டவர் கவனத்துக்கு' என்று மூத்தவள் தொடங்குவாள். 'தங்கள் மெயில் கிடைத்தது' என்று இளையவள் முடிப்பாள்.

ஏழு மணிக்கு லோடிங் ஓட ஆரம்பித்தது. ஆயிரம் பதிவுகளை வைத்து ஏற்கெனவே சோதித்திருந்தார்கள், பத்து விநாடியில் முடிந்திருந்தது. அந்தக் கணக்குப்படி மொத்தமும் பத்து மணி நேரம். மாலை ஐந்துக்கு முடிந்துவிடும், கையில் ஒரு மணி நேரம் மிச்சம்.

கணக்கு என்னவோ சரிதான். ஆனால் பதினோரு மணிக்குப் பார்த்தபோது போய்ச்சேர்ந்திருந்தது ஆறு லட்சம்தான்.

இளையவள் கணக்குப் போட்டாள். இதே வேகத்தில் போனால் முடிவது நாளைக் காலை ஏழு மணிக்கு. அதற்குள் மாமாவைத் தியேட்டர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

'வேகம் குறைகிறது. தங்கள் பக்கம் ஏதேனும் தாமதமா?' என்று மெயில் போட்டாள்.

'எங்கள் பக்கம் தாமதம் இல்லை. தாங்கள் பெற்றுக்கொள்வதில்தான் தாமதம்' என்று பதில் வந்தது. அலமாரிக்கு அப்பால் கீபோர்டை அழுத்திய சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

ஒரு மணிக்கு ஏழரை லட்சம். வேகம் இன்னும் படுத்துவிட்டது. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆறுக்குள்ள முடிஞ்சிடுமா? இல்லைன்னா இப்பவே சொல்லுங்க. அறுபத்து நாலு வீட்டுக்குப் போன் போடணும்."

மூத்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணிக்கு உறுதியா சொல்றேன் சார்" என்றாள். இளையவள் அலமாரிக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் போனதும் மாமியார் சாப்பாட்டுப் பையோடு உள்ளே நுழைந்தார், பின்னாலேயே மாமனார். நாளைய ஆபரேஷனுக்காக அவருக்கு இன்று ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய மகன் இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தம்பியின் பைக்கில் ஏறி மேட்ச் பார்க்கப் போய்விட்டான். இந்தப் பதினாறு நாளில் அண்ணனும் தம்பியும் வீட்டில் இருந்ததைவிட வெளியில் இருந்ததுதான் அதிகம். புத்திசாலிகள்.

மாமியார் அலமாரிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தபால் வேலை ஆரம்பமாகிவிட்டது.

"அத்தை, அவங்க பக்கம் ஃபைல் எந்த வரிசையில வருதுன்னு கேளுங்க" என்றாள் இளையவள்.

மாமியார் எழுந்து அந்தப் பக்கம் போனார். "எந்த வரிசைம்மா?"

"நம்பர் வரிசைன்னு சொல்லுங்க."

இந்தப் பக்கம் வந்தார். "நம்பர் வரிசையாம்."

"புது நம்பரா, பழைய நம்பரா?"

மறுபடி அந்தப் பக்கம். "புதுசா, பழசா?"

"பழசு."

"பழசாம்."

மாமனார் அதுவரை வலது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, உனக்கு முழங்கால் வலின்னு நேத்துத்தான் தைலம் தேய்ச்சேன்! நாலடி தூரத்துக்கு ஒரு வார்த்தை கொண்டுபோற, 'கிடைச்சுது'ன்னு கேட்டுட்டு வர்ற, அப்புறம் அடுத்த வார்த்தை. இவளுங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு மூணாவது கண்ணே முளைச்சிடும்!"

இளையவளின் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு எழுந்து அலமாரியைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய் மூத்தவள் முன்னால் நின்றாள்.

"அக்கா."

பதினாறு நாளில் முதல் வார்த்தை. மாமியாரின் கையிலிருந்த சாப்பாட்டு மூடி கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒவ்வொரு வரியா அனுப்பிட்டு, நான் 'வந்துடுச்சு'ன்னு சொல்ற வரைக்கும் அடுத்ததை அனுப்பாம நிக்கறீங்களா?"

மூத்தவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆமா."

"ஏன்?"

"நாளைக்கு ஒரு வரி காணோம்னா, நான் கொடுக்கவே இல்லைன்னு நீ சொல்லுவே. அதான், ஒவ்வொண்ணுக்கும் கைநாட்டு வாங்கிக்கிட்டு அனுப்பறேன்."

இளையவளுக்கு முகம் சிவந்தது. கோபத்தில் அல்ல, தன் பக்கக் கதையும் அதே லட்சணம்தான் என்று தெரிந்த வெட்கத்தில்.

"நான் மட்டும் என்னவாம். உங்க டேட்டாவுல குப்பை இருக்கும்னு, வர்ற ஒவ்வொரு வரியையும் வாசல்லயே நிறுத்தி ஏழு விதமா சோதிக்கறேன். சோதிச்சதை ஒரு குறிப்பு ஃபைல்ல எழுதறேன். அப்புறம் அந்த வரியை அகர வரிசை, தேதி வரிசைன்னு அஞ்சு இன்டெக்ஸ்ல அதுக்குரிய இடம் தேடிச் செருகறேன். ஆயிரம் வரி இருந்தப்போ இடம் தேடறது சுலபம். இப்போ ஏழரை லட்சத்துக்கு நடுவுல தேடணும். அதான் போகப்போக இழுக்குது."

"அப்போ ரெண்டு பேருமே..."

"ரெண்டு பேருமேதான் அக்கா. நீங்களும் நம்பல, நானும் நம்பல. நடுவுல மாமா மாட்டிக்கிட்டார்."

"நான் எங்கடி மாட்டினேன்?" என்றார் மாமனார், மேஜைக்கு அடியில் மூடியைத் தேடியபடி.

மூத்தவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப என்ன பண்ணலாம்?"

"ஓடறதை நிறுத்திடலாம். ஏழரை லட்சத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

மணி ஒன்று இருபது. ஆறு மணி நேர உழைப்பைத் துடைத்துப் போடு என்கிறாள், அதுவும் யார்? இருபது பேர் முன்னால் சிரிக்க வைத்தவள்.

"நீங்க மொத்தத்தையும் ஃபைலா எழுதிக் கொடுத்துடுங்க. நான் வெறும் அட்டவணை ஒண்ணு வெக்கறேன். சோதனை கிடையாது, இன்டெக்ஸ் கிடையாது. எல்லாத்தையும் அப்படியே கொட்டிடுவோம். உள்ளே வந்தப்புறம் உக்காந்து பிரிச்சுக்கலாம்."

"ஒரு வரி தொலைஞ்சா?"

"கடைசியில ரெண்டு பக்கமும் எண்ணிப் பாப்போம். மொத்தமா, வருஷவாரியா, டாக்டர்வாரியா. ஒண்ணு குறைஞ்சாலும் தெரிஞ்சிடும். நீங்களே எண்ணுங்க, நான் எண்ண மாட்டேன்."

மூத்தவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் மூடியைக் கண்டுபிடித்த பெருமையில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் மூடி எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். வெறும் வெள்ளைப் புகை.

"நிறுத்து" என்றாள்.

* * *

அதற்குப் பிறகு நடந்ததை நான் ரசித்து எழுதுகிறேன். ஏனென்றால் வேலை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வதைப் பார்ப்பது தனிச் சுகம்.

முதல் காரியமாக அலமாரியை இருவரும் சேர்ந்து சுவரோரம் தள்ளினார்கள். மேஜைகள் ஒட்டிக்கொண்டன.

"ஒரு விவரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கமா போட்டுடலாமா அக்கா?"

"ஐயோ வேண்டாம். நம்ம டாக்டருங்க குறிப்புல கமா போட்டே கொல்லுவாங்க. சாய்வுக் கோடும் போடுவாங்க. இந்த நெளிகோடு இருக்கு பாரு, இதைப் பதினெட்டு வருஷத்துல ஒரு டாக்டரும் தொட்டதில்லை."

இளையவள் நெளிகோட்டைப் பிரிப்பாக வைத்தாள். ஒரே பெரிய ஃபைலாக இல்லாமல் எட்டுத் துண்டாக எழுதினார்கள். ஒன்று எழுதி முடிவதற்குள் முந்தையதை அனுப்பினார்கள். எட்டும் வந்துசேர்ந்ததும் எட்டு வழியாக ஒரே நேரத்தில் உள்ளே இறங்கின.

இரண்டு நாற்பதுக்கு இளையவள் திரையைப் பார்த்துவிட்டு, தப்பாகத்தான் பார்க்கிறோம் என்று மறுபடியும் பார்த்தாள். காலையிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஏழரை லட்சம். இப்போது முப்பத்தாறு லட்சமும் இறங்க எடுத்துக்கொண்டது பத்தொன்பது நிமிடம்.

"அடிப்பாவி!" என்றாள் மூத்தவள். அது பாராட்டு.

மூன்று மணிக்கு டாக்டரிடம் போய், "யாருக்கும் போன் போடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவசரப்பட்டுவிட்டாளோ என்று அவளே நினைக்கும்படி ஆயிற்று. மொத்தச் சோதனையை ஓடவிட்டதும் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் சிவப்பாக வந்து நின்றன. எல்லாம் பிப்ரவரி முப்பது. பழைய சிஸ்டம் தேதியை வெறும் எழுத்தாகத்தான் வைத்திருந்தது, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். புதியது தேதியைத் தேதியாகப் பார்க்கும். இல்லாத நாளைத் தொடாது.

சிவப்பில் முதல் வரியே மாமனாருடையது.

இளையவள் மெல்லக் கேட்டாள். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை. "அக்கா, இது எப்படி வந்துச்சு? யாரோ தப்பா அடிச்சதுன்னா நாற்பத்தோராயிரம் வராதே."

மூத்தவள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வரிசையில நிக்கறவங்கள்ல நூத்துக்கு ஒருத்தருக்குப் பிறந்த தேதி தெரியாது. தேதியை நிரப்பாம விட்டா பழைய சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கே போகாது. எல்லா இடத்துலயும் ஜனவரி ஒண்ணுன்னு போட்டு அனுப்பிடுவாங்க. ஆனா நிஜமாவே ஜனவரி ஒண்ணுல பிறந்தவரும் இருப்பார் இல்ல? அப்புறம் எது நிஜம், எது நாம போட்டதுன்னு யாருக்குத் தெரியும்? அதான் எங்க கவுன்ட்டர்ல ஒரு வழக்கம் வெச்சேன். தெரியாதுன்னு சொன்னா பிப்ரவரி முப்பது. இல்லாத நாள். அதைப் பாத்து யாரும் நிஜம்னு ஏமாற மாட்டாங்க."

இளையவள் சிவப்பு வரிகளைப் பார்த்தாள். குப்பை என்று நினைத்தாளே, அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று பதினெட்டு வருடம் விடாமல் எழுதி வைத்திருக்கிறாள் ஒருத்தி. அதைக் காட்டித்தான் இருபது பேரைச் சிரிக்க வைத்தோம்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா."

"எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

"மன்னிச்சிடுங்க."

"விடு. நீயும் கேட்டிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம்." மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ஒண்ணு. மறுநாளே நீ சொல்லி அனுப்பினியே, 'அக்கா உழைப்புக்கு நான் கால் தூசி பெற மாட்டேன்'னு. அதைக் கேட்டுத்தான் பாதி கோபம் போச்சு."

இளையவள் விழித்தாள். "நானா? நான் சொன்னது, 'பதினெட்டு வருஷமா இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்களா'ன்னு!"

"என்னது?"

"நீங்கதான், 'அவ மாதிரி மூளை இந்த வீட்லயே கிடையாது'ன்னு சொன்னீங்களாம்."

"நான் சொன்னது, 'அவளுக்கு மூளை இருந்தா இந்த வீட்ல இப்படி நடந்துக்குவாளா'ன்னு!"

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் ஸ்டூல் பக்கம் திரும்பின. மாமியார் நிதானமாகச் சாப்பாட்டுப் பையை மடித்துக்கொண்டிருந்தார்.

"முழங்கால் வலியோட படி ஏறி இறங்கறவளுக்கு, கொண்டுபோறதுல கொஞ்சம் கூட்டிக் குறைக்கற உரிமைகூடக் கிடையாதா?" என்றார்.

அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை கேட்டிருக்காது.

மற்றதெல்லாம் வேலை. பிப்ரவரி முப்பதை இளையவள் அழித்துவிடவில்லை. தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'தேதி தெரியாது' என்று தனியாக ஒரு கட்டம் சேர்த்தாள். நாற்பத்தோராயிரம் வரிகளும் ஒரே ஆணையில் பச்சையாயின. இன்டெக்ஸ்களைக் கடைசியில் ஒரே மூச்சில் கட்டினாள். சொன்னபடி எண்ணியது மூத்தவள். பழையதில் முப்பத்தாறு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று ஏழு. புதியதிலும் அதே. வருடவாரியாகவும் அதே, டாக்டர்வாரியாகவும் அதே.

ஐந்து முப்பத்தைந்துக்கு நாளைய பட்டியல் பிரின்ட் ஆகி வந்தது. அறுபத்து நாலு பெயர்கள். முதல் வரியில் மாமா, இடது கண், லென்ஸ் அளவோடு. மூத்தவள் அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க வாங்க" என்றாள் இளையவள் தாழ்ந்த குரலில்.

ஒரே போன் நம்பரில் இரண்டு பெயர்கள் பதிவாகியிருந்தால் காட்டும் கடைசிச் சோதனை அது. வீட்டு நம்பரில் மாமனாருக்குக் கீழே இன்னொரு பதிவு. தேதி, இரண்டு மாதம் முன்பு. மாமியாரின் பெயர். வந்த காரணம்: ஓட்டுநர் உரிமத்துக்கான கண் சான்று.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் சட்டென்று திரையை மூடினாள்.

"நோயாளி விஷயம். நாம எதையும் பாக்கல."

"எதையும் பாக்கல அக்கா."

வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. காரை எடுக்க வர வேண்டிய பெரிய மகன் போனில், "மேட்ச் இன்னும் முடியல, அரை மணி நேரம் ஆகும்" என்றான். மருமகள்கள் இருவருக்கும் ஓட்டத் தெரியாது.

மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். கைப்பையைத் திறந்து, சாவியையும் அதோடு புத்தம் புதிய அட்டை ஒன்றையும் எடுத்தார். சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார்.

"யாருகிட்ட அத்தை கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டே விட்டாள் மூத்தவள்.

மாமியார் சாவியைத் திருப்பினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது. கார் குலுங்காமல் கிளம்பத் தயாராக உறுமியது.

மாமனார் வாசலிலேயே நின்றார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு பரிதாபமாகச் சொன்னார்:

"நாளைக்கு வரைக்கும் பொறுக்கக் கூடாதாடி? ரெண்டு கண்ணாலயும் பாத்திருப்பேனே!"